துண்டுக்கு அடியில்

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அன்று பகலில் வேதாந்தத்தின் வீட்டு வாசற்படியில் நான் நின்றிருந்தேன் என்பது என் நினைவு. உள்ளே, கூடத்தில், பாயில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன் என்பது அவருடைய நினைவு. அவர் மனைவி கோமளமும் அதையேதான் சொன்னாள். இரண்டு பேர் ஒன்றைச் சொல்லி ஒருவன் மட்டும் வேறொன்றைச் சொன்னால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது சரித்திரம் கற்பிக்கிற எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வெயிலில் காய்ந்த அந்தக் கல்லின் சூடு உள்ளங்காலில் இன்னும் இருக்கிறது. சூட்டை யாரிடம் காட்டி நிரூபிப்பது?

நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை பிறந்த சமயம். ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸ் காலியாகிக்கொண்டிருந்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்திருந்தது. போக முடிந்தவர்கள் போய்விடலாம் என்று சர்க்காரே சொன்னது. சொன்ன சர்க்காரின் ஆபீஸ்களும் மூட்டை கட்டின. மிருகக்காட்சிசாலையில் சிங்கங்களைச் சுட்டுவிட்டார்கள் என்றார்கள். மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலின் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை உள்ளே கொடுத்தார்கள். என் மனைவி லூயிசா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். கல்லூரியை மூடிவிட்டார்கள். லைப்ரரிப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிப் பூட்டும் வேலைக்காக நான் சாந்தோமிலேயே தங்கினேன்.

எனக்கு மௌனம் பிடிக்கும். ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கச் சொன்னால் இருப்பேன். ஆனால் புத்தகத்தோடு இருக்கும் மௌனம் வேறு, ஆள் போன தெருவின் மௌனம் வேறு. முன்னது நம்மைச் சும்மா விடும். பின்னது காதைத் தீட்டிக்கொண்டு நம் பக்கத்திலேயே நடந்து வரும். மயிலாப்பூர் மாட வீதியில் நின்றால் கடலின் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் அங்கே நான் கடலைக் கேட்டதே இல்லை.

வேதாந்தம் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்தார். கற்பூர வியாபாரி. ஜப்பானிலிருந்து கற்பூரக் கட்டி வரவழைப்பார். பினாங்கிலிருந்து பாக்கும் வரும். அவருடைய ஒரே பிள்ளை ஸ்ரீனிவாசராகவன் என்னிடம் இண்டர்மீடியட்டில் படித்தவன். சரித்திரத்தில் தேறியதே பெருமாள் புண்ணியம் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். படிப்பு முடிந்ததும் பாக்குக் கொள்முதலைக் கவனிக்கப் பினாங்குக்குப் போனான். மார்கழியில் பினாங்கு ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

அதனால்தான் தெருவே காலியான பின்னும் வேதாந்தம் நகரவில்லை. தகவல் வந்தால் இந்த விலாசத்துக்குத்தானே வரும் என்றார். அவர் இருக்கப்போகிறார் என்று தெரிந்ததும், ஊரை விட்டுப் போனவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாட்டு வாத்தியாரம்மா சூடாமணி கொடுத்தாள். தபால் ஆபீஸ் சங்கரன் கொடுத்தார். தனியாக இருந்த பென்ஷன்காரர் வேம்பு, காஞ்சிபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போகும்போது, "திரும்பி வந்தா வாங்கிக்கறேன்" என்று சொல்லிக் கொடுத்தார். கூடத்துச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து அவற்றையெல்லாம் மாட்டியிருந்தார் வேதாந்தம். கற்பூர டின்கள் அடுக்கிய அந்தக் கூடத்தில் காற்று வந்தால் சாவிகள் ஆடும்.

மத்தியானங்களில் நான் அங்கே போவேன். குண்டுக்குப் பயந்து விளக்கேற்றக் கூடாத ஊரில் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பதால் மத்தியானம்தான் சௌகரியம். கோமளம் மோர் கொடுப்பாள். கிறிஸ்தவன் என்பதால் எனக்கென்று ஒரு கண்ணாடி டம்ளர் தனியாக உண்டு. அதை ஓர் அவமரியாதையாக அவளும் கொடுக்கவில்லை, நானும் வாங்கவில்லை.

டில்லியில் வெள்ளைக்காரனும் நம் தலைவர்களும் நடத்திய சுதந்திரப் பேச்சுவார்த்தை முறிந்த செய்தி வந்த அன்று வேதாந்தம் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே சொன்னார்:

"பார்த்தீரா மாஸ்டர்? இவாளும் அவாளும் பேப்பர்காரனைக் கூப்பிட்டு மொத நாளே தன் விலையைச் சொல்லிட்டா. அப்புறம் எதைப் பேசறது? எங்க மண்டியில ஒரு குமாஸ்தாவை அனுப்பியிருந்தா முடிச்சுண்டு வந்திருப்பான்."

"ராஜ்யம் சரக்கு இல்லையே" என்றேன்.

"எல்லாம் சரக்குதான். கொள்றவன் ஒருத்தன், கொடுக்கறவன் ஒருத்தன். நடுவுல இருக்கறதுக்கு நீர் ராஜ்யம்னு பேர் வைச்சா என்ன, பாக்குன்னு பேர் வைச்சா என்ன? நாலே விஷயம் ஓய். மொதல்ல வாயைத் திறக்கக் கூடாது. வேணும்னு காட்டிக்கக் கூடாது. வேற கிராக்கி வாசல்ல காத்துண்டிருக்குன்னு அவனை நம்ப வைக்கணும். படியலையா, எழுந்துடணும்."

"உங்க கடையில பேரம் படியலைன்னா எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். ஒரு தேசம் எழுந்து எங்கே போகும்? பக்கத்துல இருக்கறவன் விடிஞ்சாலும் பக்கத்துலதான் இருப்பான்."

"எழுந்துக்கற மாதிரி காட்டணும்னேன். நிஜமா எழுந்துக்கச் சொன்னேனா?" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. "எங்க சாந்தோம் கோட்டை இருந்துது. போர்த்துக்கீசியன்கிட்டேருந்து கோல்கொண்டாக்காரன், அவன்கிட்டேருந்து பிரெஞ்சுக்காரன், அப்புறம் டச்சுக்காரனும் கோல்கொண்டாவும் சேர்ந்துன்னு கைமாறிக்கிட்டே இருந்துது. நடுவுல பேசினவங்க எல்லாம் கெட்டிக்காரங்கதான். உள்ளே இருந்த எங்க ஆளுங்களை ஒருத்தரும் கேக்கலை. கடைசியில கோட்டையே இல்லை."

முற்றத்தில் வெயில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நகர்ந்தது.

"உள்ளே இருக்கறவாளுக்குப் பேசத் தெரியாது" என்றார் பிறகு. "அதுக்குத்தான் தரகன்."

அன்றுதான் தன் யோசனையைச் சொன்னார். ஜப்பான்காரன் அடையாற்று முகத்துவாரத்திலோ சாந்தோம் கரையிலோ இறங்குவான். பேச ஒரு சர்க்கார் ஆள் இருக்கமாட்டான். இந்தத் தெருவுக்காக யாராவது பேசித்தான் ஆக வேண்டும். அவர்களோடு இருபது வருஷம் வியாபாரம் செய்தவர் தான் ஒருவர்தான். அவர்களுடைய அதிகாரிகளுக்குத் தங்க வீடு வேண்டும். அவரிடம் வீடுகள் இருக்கின்றன. ஒன்றோ இரண்டோ கொடுத்தால் மற்றவற்றைத் தொடமாட்டார்கள்.

"அந்த வீடுங்க உங்களுது இல்லையே சார்."

"சாவி என்கிட்ட இருக்கு."

"பதிலுக்கு என்ன கேப்பீங்க?"

"தெருவைத் தொடக் கூடாது." விசிறியை நிறுத்தினார். "அப்புறம் கடைசியில, போற போக்குல, பினாங்குல எங்க ஆத்துப் பையன் ஒருத்தன் இருக்கான், அவனையும் அனுப்பிடுங்கோன்னு ஒரு வார்த்தை."

சமையலறை வாசலில் கோமளம் நின்றிருந்தாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏன்னா, என் புள்ளை என்ன கொசுறா?"

"நோக்குத் தெரியாது. வேணும்ங்கறதை மொதல்ல சொன்னா விலை ஏறிடும்."

"காய்கறிக்காரிகிட்டப் பேசற பேச்சு. நான் இருபத்தஞ்சு வருஷமா பேசறேன், நேக்குத் தெரியாதா? சொத்தைக் கத்திரிக்காய்க்குப் பேசலாம். இதுக்குப் பேசலாமா?"

அவர் மறுபடி விசிற ஆரம்பித்தார். மறுநாளிலிருந்து ஒத்திகை தொடங்கியது.

பாக்கு மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காக இருவர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு விரலால் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. உள்ளங்கையில் கீறினால் மறுப்பு. மணிக்கட்டைப் பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. ஜப்பான் கம்பெனி ஏஜெண்டுகள்கூட அதைக் கற்றுக்கொண்டார்களாம். மொழி தேவையில்லை என்பதால் இதுதான் தோது என்றார். ஜப்பான் அதிகாரியாக நான் உட்கார வேண்டும்.

"என் கையைத் தொடலாமா?" என்றேன் வேடிக்கையாக.

"மண்டியில தீட்டு கிடையாது ஓய். நீட்டும்."

அவருடைய கை பஞ்சு போல இருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. எதிரே இருப்பவரின் முகம் சுவராகிவிட, துண்டுக்கு அடியில் மட்டும் அவர் நடமாடுவது விசித்திரமாக இருந்தது. நான் விரல்களைக் கூட்டிக் கேட்பேன். அவர் கீறி மறுப்பார். ஒரு சமயம் எழுந்தே போய்விடுவார். நான் கூப்பிடாமல் இருந்தால் வாசல்வரை போய்ச் செருப்பைத் தேடுவார். எதை விட்டுக்கொடுக்கிறாரோ அந்த வீட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துப் பாயில் வைப்பார். ஒரே ஒரு குறை. பிள்ளை ராகவனைக் கேட்கும் முறை வரும்போது கை நடுங்கும். "இன்னிக்கும் காட்டிக் கொடுத்துட்டேன்" என்று துண்டை உதறுவார். "நாளைக்கு வாரும்."

நானும் போனேன். ஏன் போனேன் என்று யோசித்திருக்கிறேன். விளையாட்டில் எனக்கு ருசி ஏற்பட்டுவிட்டது. பேசாமலே ஒருவரை நெருக்க முடியும் என்பது எனக்குப் புதிது. பொறுத்திருந்தால் எதிராளி தானாகவே ஒரு விரலைக் கூட்டுவான். அந்தப் பொறுமை எனக்குப் பிறவியிலேயே இருந்தது.

வீடுகளின் பூட்டை அவ்வப்போது இழுத்துப் பார்க்க ரிக்‌ஷாக்கார கபாலி வருவான். அவனும் ஊரை விட்டுப் போகாதவன்.

"நீ ஏன்டா போகலை?" என்று கேட்டேன்.

"எங்க சார் போறது? ஜப்பான்காரன் வந்தா அவனுக்கும் ரிக்‌ஷா வோணுமில்ல? ரிக்‌ஷாவே அவன் ஊருலேர்ந்து வந்ததுன்றாங்கோ. நம்மள கண்டா அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடும் நைனா" என்றான்.

அவன் சிரித்த சிரிப்பு தெருவில் எங்கெங்கோ பட்டுத் திரும்பி வந்தது. அவனே ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

இப்போது அந்தப் பகலுக்கு வருகிறேன்.

லைப்ரரியில் வேலை இழுத்துவிட்டது. வழக்கமான நேரத்துக்கு வெகுவாகப் பிந்தித்தான் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் கால் வைத்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். ரேழி வழியாகக் கூடம் தெரிந்தது.

வேதாந்தம் பாயில் உட்கார்ந்திருந்தார். துண்டு விரித்திருந்தது. அவருடைய வலது கை துண்டுக்கு அடியில் இருந்தது. எதிரே யாருமில்லை. ஆனால் துண்டின் எதிர்முனையும் தரையிலிருந்து எழும்பித்தான் இருந்தது, அடியில் ஒரு கை இருந்தால் எழும்பியிருக்கிற அளவுக்கு.

துணி அசைந்தது. வேதாந்தம் கீறி மறுத்தார். அவருடைய தோளில் அது தெரியும், எனக்குப் பழக்கம். எழுந்திருக்கப் பார்த்தார். பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். கையை இழுத்தார்; கை வரவில்லை. மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். இடது கையால் சூடாமணியின் சாவியைப் பாயில் வைத்தார். சற்றுப் பொறுத்துச் சங்கரனுடையதை. அதன் பிறகு நான் கேட்ட மௌனம் மாதிரி ஒன்றை வாழ்க்கையில் கேட்டதில்லை. கடல் சத்தம்கூட நின்றிருந்தது. வேம்புவின் சாவியை வைத்தார். ராகவன் என்பது போல அவர் உதடு ஒரு தடவை அசைந்தது. கை நடுங்கவில்லை. துண்டு அவர் மணிக்கட்டுப் பக்கம் ஊர்ந்து போய் இறுகி, பிறகு தளர்ந்து தரையோடு படிந்தது.

"முடிஞ்சுது" என்றார் வேதாந்தம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் வாசலில் என்னைப் பார்த்தார். "ஓய், அதுக்குள்ள வாசலுக்குப் போய்ட்டீரே? இன்னிக்கு ரொம்பக் கெட்டியாப் பேசினீர் மாஸ்டர். கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு? ஜுரமா?"

"நான் இப்பத்தான் வரேன் சார்."

"விளையாடாதேயும்."

கோமளம் சமையலறையிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்து, பாயைப் பார்த்தாள். பாயின் எதிர்ப்பக்கத்தில் என்னுடைய கண்ணாடி டம்ளர் இருந்தது. உள்பக்கத்தில் மோர் வழிந்த கோடுகள் ஈரமாக இருந்தன.

"இப்பத்தானே வாங்கிக் குடிச்சேள்?" என்றாள் அவள். "இன்னொண்ணு வேணுமான்னு கேட்டேன். தலையை ஆட்டினேள்."

நான் என் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டேன். உதட்டை நக்கிப் பார்த்தேன் என்றும் ஞாபகம். புளிப்பு எதுவும் இல்லை. இருந்ததோ என்னவோ.

சிறிது நேரத்துக்குப் பிறகு, "எப்படியிருந்தாலும் இது ஒத்திகைதானே. சாவியை எடுத்து ஆணியில மாட்டுங்க" என்றேன்.

வேதாந்தம் கையை மடியில் வைத்துக்கொண்டார். "எப்படி மாட்டறது? மணிக்கட்டைப் பிடிச்சாச்சு."

"யார் பிடிச்சா?"

"யாரா இருந்தா என்ன? நான் கை கொடுத்துட்டேன். மூணு ஆத்தையும் கொடுத்தாச்சு, பதிலுக்கு ராகவன் நமக்கு. இனிமே பேச்சு மாத்தினா நாளைக்கு எவன் என் கையைப் பிடிப்பான்?"

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. தந்திரக்காரர் என்று அவரை நினைத்திருந்தேன். தந்திரக்காரராக இருந்திருந்தால் அந்த நிமிஷமே சாவியை எடுத்து மாட்டிவிட்டுச் சிரித்திருப்பார். ராஜ்யம் ஆள்கிறவர்கள் அதைத் தினமும் செய்கிறார்கள். இவர் நாணயஸ்தர். கொடுக்கக் கூடாத பொருளைக் கொடுத்துவிட்டு, கொடுத்த வாக்கை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறார்.

கோமளம் பாயருகே குனிந்தாள். மூன்று சாவிகளையும் வாரி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நானும் கூடப் போனேன். குளத்தங்கரையில் ரிக்‌ஷாவில் படுத்திருந்த கபாலி எழுந்து வந்தான்.

சூடாமணி வீட்டுப் பூட்டில் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. கபாலி, "குட்த்துடும்மா, நான் பாக்கறேன்" என்று வாங்கிப் பல்லைக் கடித்துத் திருகினான். பிறகு கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"இன்னாடா?"

"சாவி போவுது சார். திருப்பச் சொல்லோ, உள்ளாற யாரோ புடிச்சிக்கினு கீற மாரி கீது."

சங்கரன் வீட்டிலும் அப்படியே. வேம்பு வீட்டில் கோமளமே முயன்றாள். அது தொங்கு பூட்டு. உள்ளே பிடிக்க யாருக்கும் இடமில்லாதது. அதுவும் திரும்பவில்லை. கபாலி ஓடிப்போய் ஆணியிலிருந்து இன்னொரு சாவியைக் கொண்டுவர, பக்கத்தில் இன்னொருவர் வீட்டைப் பரீட்சையாகத் திறந்து பார்த்தோம். கையை வைத்ததும் திறந்துகொண்டது. வெயில் கொளுத்திய தெருவில் நாங்கள் மூவரும் நின்றோம். மூடிய கதவின் இடுக்கிலிருந்து கற்பூர வாசனை வந்தது. சூடாமணி வீட்டில் கற்பூரம் இருந்திருக்கலாம். எல்லார் வீட்டிலும்தான் இருக்கும்.

"சங்கரனுக்கு ரெண்டு பொண்ணு" என்றாள் கோமளம். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "சின்னவளுக்கு நான்தான் மருந்து உரைச்சுக் கொடுப்பேன்."

"பூட்டு துரு ஏறியிருக்கும்மா" என்றேன்.

"உங்க முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலை மாஸ்டர்."

மறுநாள் என்னைச் சீக்கிரமே வரச் சொல்லியிருந்தாள். போனபோது கூடத்தைப் பெருக்கி, பாயை விரித்து, துண்டைப் போட்டிருந்தாள். வேதாந்தம் டின்களுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க இருவரும் பேசியிருக்க வேண்டும். அல்லது பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

"நீங்க எதுத்தாப்பல உக்கார வேண்டாம்" என்றாள் என்னிடம். "அங்க நின்னுக்கோங்கோ. எங்க நிக்கறேள்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கட்டும்."

நான் தூண் ஓரமாக நின்றேன். சந்தேகம் வரக் கூடாது என்று தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கோமளம் பாயில் உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த தன் வீட்டுச் சாவியை எடுத்து எதிரே வைத்தாள். பக்கத்தில் அந்த மூன்று சாவிகளையும் வைத்து, அவற்றைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். வலது கையைத் துண்டுக்கு அடியில் நீட்டினாள். பிறகு வாயால் பேசினாள். காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசினாள்.

"எனக்குப் பேரம் தெரியாது. என் புள்ளை எனக்கு வேணும். அவன் இல்லாம நான் இருக்கமாட்டேன். இதெல்லாம் மத்தவா ஆம். அவர் கொடுத்தது தப்பு, அவா யாரும் கொடுக்கச் சொல்லலை. இது எங்க ஆம். எங்க கல்யாணம் இங்கதான் ஆச்சு, ராகவன் இங்கதான் பொறந்தான். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்லை. இதை எடுத்துக்கோ, அதை விட்டுடு."

வேதாந்தம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இப்படியா பேசறது! எல்லாத்தையும் மொதல்லயே கொட்டிட்டியே! அவன் அதையும் எடுத்துப்பான், இதையும் எடுத்துப்பான்!"

வியாபாரக் கணக்கில் அவர் சொன்னது சரி. அவள் செய்தது அத்தனையும் பிழை. தேவையை முதலிலேயே சொன்னாள். கையில் இருந்ததை எல்லாம் காட்டினாள். வேறு கிராக்கி இல்லை என்று ஒப்புக்கொண்டாள். எழுந்து போகிற மாதிரிகூடக் காட்டவில்லை.

துண்டு அசையவில்லை. அவள் கையை எடுக்கவில்லை. முற்றத்து வெயில் நகர்ந்து சுவரில் ஏறியது. நான் தூணை விடவில்லை. கை மரத்துப்போயிற்று, மரத்த கை என்னுடையதா, தூணுடையதா என்று ஒரு கணம் தெரியவில்லை. அந்தக் கணத்தில்தான், அல்லது அதற்குச் சற்றுப் பின்னால், துணியின் எதிர்முனை எழுந்தது. அவள் விரல்களின் மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று, எண்ணுவது போல அல்ல, தெரிந்தவருடையதா என்று தடவிப் பார்ப்பது போல. பிறகு மணிக்கட்டுக்குப் போய் நின்றது. வெகுநேரம் நின்றது. படிந்தது.

கோமளம் கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டைச் சுற்றி ரத்தம் ஓடாத வெள்ளை. தொட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"பிடிச்சுது" என்றாள். எழுந்து உள்ளே போய்ப் புடவைகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

வேதாந்தம் அவளைத் தடுக்கவில்லை. முடிந்த பேரம் என்றால் அவருக்கு மரியாதை உண்டு. சாயங்காலத்துக்குள் கபாலியின் ரிக்‌ஷாவில் பெருமாள் விக்கிரகம், பாத்திரங்கள், மற்றவர்களின் சாவிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தியாகராய நகரில் ஒரு காலி வீட்டின் பின்கட்டுக்குப் போனார்கள். புது விலாசத்தை அவரே தபால் ஆபீஸில் போய்ச் சொன்னார். கற்பூர டின்களைத் தொடவில்லை; அவை வீட்டோடு சேர்த்தி என்றார். கோமளம் கதவைப் பூட்டினாள். பூட்டியபின் ஒரு தரம் சாவியைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பவில்லை. சாவியை வாசற்படியிலேயே வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தாள்.

போகும் வழியில் நானும் கபாலியும் அந்த மூன்று பூட்டுகளிலும் சாவி போட்டுப் பார்த்தோம். சூடாமணியின் வீடு திறந்தது. சங்கரனுடையதும் திறந்தது. வேம்புவின் பூட்டு மட்டும் திறக்கவில்லை.

ஜப்பான்காரன் வரவில்லை. அடுத்த வருஷம் ஒரே ஒரு விமானம் வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது.

சூடாமணி அந்த ஆவணியில் திரும்பி வந்தாள்; மாட வீதியில் இன்னும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். சங்கரன் திருச்சிக்கு மாற்றலாகிப் போனார். இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. வேம்பு காஞ்சிபுரத்தில் அந்தச் சித்திரையிலேயே காலமானார்; எந்தத் தேதியில் என்று நான் விசாரிக்கவில்லை. அவருடைய பூட்டைத் தம்பி பிள்ளைகள் உடைத்தார்கள். வேதாந்தம் வியாபாரத்தை விட்டார். நாற்பத்துநாலில் தியாகராய நகர் வீட்டிலேயே மாரடைப்பில் இறந்தார். ஸ்ரீனிவாசராகவன் நாற்பத்தாறில் பினாங்கிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தான். தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நான்கு வருஷம் அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்வதில்லை. கோமளம் அவனோடு இருக்கிறாள். வலது கையால் அவளால் எதையும் பிடிக்க முடியாது. கபாலி போர் முடிந்த வருஷம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். லூயிசாவும் பிள்ளைகளும் திண்டிவனத்திலிருந்து வந்துவிட்டார்கள். நான் அதே கல்லூரியில் சரித்திரம் கற்பிக்கிறேன். சித்திரக்குளத்து வீட்டை விற்க ராகவன் சம்மதிக்கவில்லை. இந்த நாற்பத்தொன்பது வரைக்கும் அது பூட்டியே கிடக்கிறது.